32 வயதில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் சிவில் துறையின் 2012-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அமெரிக்காவில் சிவில் இன்ஜினியர்களுக்கு உள்ள வாய்ப்புகள்'. அந்த விவரமெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறீர்கள். போன வாரம் மூன்றாமாண்டுத் தம்பி ஒருவர் எனக்கு மெயில் போட்டு, விசா விதியில் எனக்கே தெரியாத ஒரு மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தார். அதனால் செயலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வேறு ஒன்றைப் பேசப் போகிறேன். 32 வயதில் நான் ஒரு ஹைஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பானிஷ் படித்த கதை. முதல் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் 71. அதே கேள்வித்தாளை எழுதிய பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி 78. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்டு மானம் போக வேண்டாம்.

நான் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தில். மெக்சிகோவை ஒட்டிய மாநிலம். 1836 வரைக்கும் அது மெக்சிகோவாகவே இருந்த பூமி. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அதிலும் கட்டுமானத் துறைக்குள் நுழைந்துவிட்டால், சென்ட்ரிங் அடிக்கிறவர், கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் போடுகிறவர் என்று காது போகிற பக்கமெல்லாம் ஸ்பானிஷ்தான். ஆபீசில் இங்கிலீஷ், சைட்டில் ஸ்பானிஷ், வீட்டில் தமிழ். இப்படித்தான் என் நாள் ஓடியது.

சைட்டுக்குப் போன முதல் வருஷமே போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். தண்ணீர், நாளை, நல்லது, எவ்வளவு, எங்கே. இந்த ஆரம்பக் கட்டம் இருக்கிறதே, அது ஒரு சுகம். நீங்கள் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். "அடடே, எங்க பாஷை பேசறீங்களே!" என்று தோளைத் தட்டுவார்கள். நம் ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர் 'வணக்கம்' என்றதும் நாம் கை தட்டுகிறோமே, அந்தக் கை தட்டல். அதை வாங்கிக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நானும் நம்பினேன், சைட்டில் இருந்தவர்களும் நம்பினார்கள். ஆபத்தே அங்கேதான்.

2022-ல் ஒரு நாள் காலை. குழாய் பதிக்கச் சுமார் 3 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தோம். அமெரிக்க விதிப்படி 1.5 மீட்டர் ஆழத்தைத் தொட்டாலே, உறுதியான பாறையாக இல்லாவிட்டால், மண் சரியாமல் இருக்கப் பாதுகாப்பு வேண்டும். எங்கள் பள்ளத்தில் இரும்புத் தடுப்புப் பெட்டி இறக்கியிருந்தோம். அதற்கு அப்பால் ஆட்கள் இறங்கி ஏறுகிற முனையில் கரையைச் சரிவாக வெட்டி விட்டிருந்தோம். முந்தின இரவு மழை. அங்கே வேலை செய்த மெக்சிகோ பெரியவர் ஒருவர், என் அப்பா வயதிருக்கும், என்னிடம் வந்து ஏதோ சொன்னார். நீளமான வாக்கியம். 'தியெர்ரா' என்று காதில் விழுந்தது, மண். 'காயீயா' என்று ஒன்று விழுந்தது. 'காயோ' என்றால் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் இது வேறு மாதிரி இருந்ததே என்று ஒரு விநாடி தோன்றியது. திருப்பிக் கேட்க வெட்கம். எனக்குத்தான் ஸ்பானிஷ் தெரியுமே! "புவேனோ, புவேனோ" என்றேன். நல்லது, நல்லது. தலையை வேறு ஆட்டினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த முனையில் கரை சரிந்தது. எல்லோரும் மேலே இருந்தார்கள். மண்ணுக்குள் போனது இரண்டு மண்வெட்டியும் ஒரு வாளியும்தான். ஆனால் ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, உங்களுக்கே தெரியும். அரைமணி முன்னால் நடந்திருந்தால் நான் இன்று இந்த மேடையில் நிற்க மாட்டேன். நிற்கிற தைரியம் வந்திருக்காது.

விசாரணையில் கேட்டார்கள், யாராவது முன்கூட்டியே கவனித்தீர்களா என்று. அந்தப் பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "நான் காலையிலேயே இன்ஹேவிடம் சொன்னேன். அவர் நல்லது என்றார்." இன்ஹே என்றால் இன்ஜினியர். மெக்சிகோக்காரர்கள் 'இன்ஹெனியெரோ' என்பதை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவார்கள், நம் ஊரில் 'இன்ஜினியர் சார்' மாதிரி. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அங்கே தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2010-லேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், புரிகிற சொற்களில் கொடுக்க வேண்டும். தொழிலாளி சொல்வது இன்ஜினியருக்குப் புரிய வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

2023 ஜனவரியில் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பல ஊர்களில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவார்கள். செவ்வாய், வியாழன், மாலை ஆறரையிலிருந்து எட்டரை, 12 வாரம். பகலில் அந்த அறையில் 'ஸ்பானிஷ் 2' நடக்கும். இரவில் அதே ஆசிரியை, அதே புத்தகம், அதே கேள்வித்தாள், நாங்கள். நாற்காலியோடு பலகை ஒட்டியிருக்கிற அந்தப் பதினாறு வயதுக்கான பெஞ்சில் என் தொப்பை இடித்தது. பலகைக்கு அடியில் கை வைத்தால் பபிள்கம்.

பள்ளிப் பிள்ளைகள் எதற்காக ஸ்பானிஷ் படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்க, ஒரே அயல்மொழியில் இரண்டு பாடம் தேற வேண்டும். இன்னொரு வேடிக்கை: அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் மொழி இரண்டு பாடம் படித்தாலும் 2013-ல் வந்த சட்டப்படி கணக்கில் சேரும். கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் கை தட்ட வேண்டாம். கம்ப்யூட்டருக்குத் தப்பாகச் சொன்னால் பிழை என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிடும். மனுஷன் சும்மா இருந்துவிடுவான்.

ஆசிரியை மெக்சிகோவின் மொன்டெர்ரே நகரத்துக்காரர். முதல் நாளே சொன்னார்: "ஆரம்ப வகுப்பில் எல்லோரும் உங்களைப் பாராட்டினார்கள். இனிமேல் யாரும் பாராட்ட மாட்டார்கள்." இடைநிலை என்றால் அதுதான். விதி எல்லாம் தெரியும், வாய் வராது. ஒரு வினைச்சொல்லுக்கு ஆளுக்கு ஆள் ஒரு விகுதி, காலத்துக்குக் காலம் ஒரு வரிசை, போதாததற்கு முறை தவறி நடக்கிற வினைச்சொற்கள் ஒரு கூட்டம். நான் இன்ஜினியர் ஆயிற்றே! எக்செல் ஷீட்டில் 80 வினைச்சொற்களைக் கலர் கலராக அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். ஆசிரியை பொறுமையாகப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. மூடி வைங்க. நேத்து சாயங்காலம் என்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று எனக்கு, கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன் என்று சொல்ல.

மூன்றாவது வாரத்தில் 'பிடிக்கும்' என்ற பாடம் வந்தது. இங்கிலீஷ்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. 'ஐ லைக்' என்று 'நான்' முன்னால் நிற்க வேண்டும் அவர்களுக்கு. ஸ்பானிஷில் 'மே குஸ்தா'. 'எனக்கு' என்றுதான் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அவரைப் போலவே 'யோ, யோ' என்று 'நான்' போட்டுத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று உறைத்தது. மே குஸ்தா. எனக்குப் பிடிக்கும். அட, இது நம்ம வாக்கியம்!

தமிழில் நினைத்து, அதை இங்கிலீஷாக்கி, இங்கிலீஷை ஸ்பானிஷாக்கிக் கொண்டிருந்திருக்கிறேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகச் சென்னையைச் சுற்றிக்கொண்டு போன மாதிரி. அன்றிலிருந்து நேர் பஸ் பிடித்தேன். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்றால் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வேண்டியதில்லை, இரண்டிலும் அப்படித்தான். 'ஞ' என்ற ஒலிக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்லக் கிராமத்துப் பள்ளி வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தது 25 வருஷம் கழித்து டெக்சாஸில் உதவியது.

எல்லாம் அப்படியே பொருந்தியது என்று சொல்ல வரவில்லை. மேசை பெண்பால், பிரச்சினை ஆண்பால் என்று மனப்பாடம் பண்ண வேண்டியிருந்ததே, அதற்கு எந்தத் தமிழும் உதவவில்லை. 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள், எது எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன்.

அடுத்து இறந்த காலம். இதற்காகத்தான் நான் வந்தேன் என்று அப்போது தெரியாது. ஸ்பானிஷில் இறந்த காலம் இரண்டு வகை. நடந்து முடிந்தது ஒன்று. நடந்துகொண்டிருந்தது அல்லது வழக்கமாக நடந்தது இன்னொன்று. வகுப்பில் எல்லோரும் விழித்தார்கள். எனக்கு நம் விடுதி ஞாபகம் வந்தது. 'நேத்து டீக்கடைக்குப் போனோம்' என்றால் அது ஒரு நாள். 'அப்பல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடைக்குப் போவோம்' என்றால்? போவோம் என்பது எதிர்காலமா? இல்லையே, போன காலம். நாலு வருஷம் போன காலம். ஃபுயிமோஸ் என்றால் போனோம். ஈபாமோஸ் என்றால் 'போவோம்'. தமிழ் இலக்கண வகுப்பில் தூங்கிய எனக்கு ஸ்பானிஷ் வகுப்பில் தமிழ் புரிந்தது.

கரும்பலகையில் ஆசிரியை இரண்டு சொல் எழுதினார். காயோ, விழுந்தது. காயீயா, விழுந்துகொண்டிருந்தது. உதாரணத்துக்கு மழையை வைத்து ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று நாலு மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூட பெஞ்சில், எனக்கு முழுசாகப் புரிந்தது. "நேத்து சாயங்காலமே மண் விழுந்துக்கிட்டே இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். கட்டி ஒன்று விழுந்தது என்றால் அது முடிந்த கதை. விழுந்துகொண்டே இருந்தது என்றால் கரை அசைகிறது என்று அர்த்தம். ஒரு விகுதி, நண்பர்களே.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் சாப்பிடாமல் வகுப்புக்குப் போனேன். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'தெங்கோ ஆம்ப்ரே' என்று சொல்ல வேண்டும். நான் 'தெங்கோ ஓம்ப்ரே' என்றேன். ஓம்ப்ரே என்றால் ஆம்பளை. 'எனக்கு ஒரு ஆள் இருக்கான்' என்று அர்த்தமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, எல்லோரும் நல்லவர்கள். நானும் சிரித்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது. அடுத்த கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்கவில்லை. அடுத்த வகுப்பிலும் தூக்கவில்லை. வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போது 2008-ல் ஒரு முகம் ஞாபகம் வந்தது.

முதலாமாண்டில் என் அறைத்தோழன். தமிழ் மீடியம். கணக்கில் 200-க்கு 199 வாங்கி வந்தவன். இங்கிலீஷ் வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வேண்டும். அவன் முறை வந்தபோது காய்ச்சல் மாதிரி இருந்தது அவனுக்கு. எழுந்து நின்று சொன்னான்: "சார், டு மீ ஹெட் இஸ் பெயினிங்." வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். நான் கான்வென்ட். அன்று ராத்திரி விடுதியில் அவனுக்கு 'டுமீ' என்று பெயர் வைத்தவனும் நான்தான். ஒரு வாரத்தில் அது 'டம்மி' ஆயிற்று. இங்கே முன்வரிசையில் இருக்கிற என் வகுப்பு நண்பர்கள் சிலருக்கு அவன் சொந்தப் பெயர் இப்போது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கணக்குப் பாடத்தில்கூடச் சந்தேகம் கேட்கமாட்டான். ராத்திரி அறையில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், அதுவும் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி. இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. இரண்டாமாண்டு பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வீட்டிலும் பணக் கஷ்டம் இருந்தது, எல்லாவற்றுக்கும் என் சிரிப்பே காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு கர்வம்தான். ஆனால் அவன் பெட்டியை எடுக்க அவன் அப்பா வந்தபோது நான் அறையில் இல்லாமல் வேண்டுமென்றே மெஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, ஸ்பானிஷில் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? மே துவேலே லா கபேஸா. சொல்லுக்குச் சொல் பார்த்தால்: எனக்கு, வலிக்கிறது, தலை. டு மீ, ஹெட் இஸ் பெயினிங். அவன் சொன்னது உலகத்தில் 20 நாடுகளின் ஆட்சிமொழியில் சரியான வாக்கியம். ஆசிரியை அதைப் பலகையில் எழுதி, எல்லோரையும் ஒன்றாகச் சொல்லச் சொன்னார். தபால்காரர் சொன்னார், ஒரு நர்ஸம்மா சொன்னார். என் வாயில் வரவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தான். 24, 25 வயது. டெக்சாஸில் பிறந்தவன், தாத்தா பாட்டி மெக்சிகோ வம்சம். ஆசிரியை என்ன வேகத்தில் பேசினாலும் அவனுக்குப் புரியும். சிரிக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு முன்னால் சிரிப்பான். ஆனால் நாலு வரி எழுதச் சொன்னால் நாற்பது தப்பு. பதில் சொல்லும்போது இங்கிலீஷுக்கு ஓடிவிடுவான். தேர்வில் என்னைவிடக் குறைவாக வாங்குவான். ஒரு நாள் பார்க்கிங்கில் நின்று பேசினோம். அவன் தாத்தா பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவராம். தன் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டிலேயே அந்த மொழியை நிறுத்திவிட்டார். பாட்டி மட்டும் பேரனிடம் பேசிக்கொண்டிருந்தார். பாட்டிக்கு இப்போது இங்கிலீஷ் மறந்துகொண்டு வருகிறது, அதனால் வகுப்பில் சேர்ந்தேன் என்றான்.

கதை விடுகிறான் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் 1918-ல் போட்ட சட்டப்படி அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதே குற்றம். இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது 1973-ல்தான். மார்ஃபா என்ற சின்ன ஊரில் பிளாக்வெல் பள்ளி என்று மெக்சிகோ வம்சப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி இருந்தது. 1954-ல் அங்கே பிள்ளைகளைச் சீட்டில் எழுத வைத்து, அதைப் பெட்டியில் போட்டு, 'ஸ்பானிஷ் ஐயா' இறந்துவிட்டார் என்று குழி தோண்டிப் புதைக்க வைத்தார்கள். சவ அடக்கம் மாதிரியே. அந்தப் பிள்ளைகள் கிழவர் கிழவிகளாகி 2007-ல் அதே பள்ளிக்கு வந்து, ஒரு ஸ்பானிஷ் அகராதியைப் புதைகுழியிலிருந்து எடுப்பது போல ஒரு சடங்கு செய்தார்கள். 2022-ல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கச் சட்டம் போட்டார்கள். தமிழில் பேசினால் அபராதம் என்று உண்டியல் வைத்திருந்த பள்ளியில் படித்தவன் நான். இதைப் படித்தபோது ரொம்பத் தூரத்து விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்த வாரம் சைட்டில் அந்தப் பெரியவரிடம் போனேன். இதற்குள் இன்னொன்றும் கற்றிருந்தேன். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். என் செயலி எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் 'நீ, வா, போ'. அப்பா வயது மனிதரை இரண்டு வருஷம் ஒருமையில் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, என்னை 'உஸ்தெத்' என்றே அழைத்தார். அன்று முதல் தடவையாக 'நீங்கள்' போட்டு, அந்தக் காலை நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி நடித்தேன் என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கேட்டிருக்கலாமே இன்ஹே. நான் இன்னொரு தடவை சொல்லியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். இப்போது எனக்குப் புரியாவிட்டால் மூன்று தடவை கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வருஷம் என் அறைத்தோழனைத் தேடினேன். சங்கத்தின் முகவரிப் பட்டியலில் அவன் இல்லை. பட்டம் வாங்கியவர்கள்தான் உறுப்பினர் என்பது விதி. கடைசியில் அவன் ஊர்க்காரர் ஒருவர் மூலம் நம்பர் கிடைத்தது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கிறான். செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு, எழுதியும் கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு செமஸ்டர் படித்தவரையும் பட்டியலில் சேருங்கள். இந்தச் சந்திப்புக்கு அவனைக் கூப்பிட்டேன். கடையில் வேலை இருக்கு என்றான்.

போனில் நான் அந்தப் பெயர் விஷயத்தை எடுத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இழுத்தேன், திக்கினேன், கான்வென்ட்டில் படித்தவன்.

எங்கள் ஆசிரியை கடைசி வாரத்தில் ஒரு பாடம் நடத்தியிருந்தார். கைதவறிக் கண்ணாடி உடைந்தால், 'நான் உடைத்தேன்' என்று ஸ்பானிஷில் சொல்ல மாட்டார்கள். 'எனக்கு விழுந்துவிட்டது' என்பார்கள், ஸே மே காயோ. மறந்துவிட்டேன் என்பதும் அப்படித்தான். ஸே மே ஓல்விதோ, எனக்கு மறந்துபோயிற்று. யார் செய்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. இங்கிலீஷ்காரர்களுக்கு இது புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு உடனே புரிந்தது.

நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் சொன்னான்: "அதெல்லாம் எனக்கு மறந்து போச்சுடா. நீ எப்ப ஊருக்கு வர்றே?"

நாளைக் காலையில் அவன் ஊருக்குப் போகிறேன். இங்கிருந்து நேர் பஸ் இருக்கிறது.